கல்லீரலுக்கு மாத்திரை, மனதுக்கு என்ன? ஹெபடைட்டிஸ் பி, சி உள்ளவர்களுக்குக் கடலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

கடலூர்ப் பக்கம் பலருக்கு இந்த நோய் முதலில் காகிதத்தில்தான் தெரியவருகிறது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் 'அன்ஃபிட்' என்று வருகிறது. முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவரை, சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் செய்து நேரில் வரச் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பதிவு செய்த பெண்ணுக்கும், குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்த பெரியவருக்கும் அதே தாள்: 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' அல்லது 'ஆன்டி ஹெச்.சி.வி. பாசிட்டிவ்'. முன்னது ஹெபடைட்டிஸ் பி, பின்னது சி; இரண்டும் கல்லீரலைத் தாக்கும் கிருமிகள். நேற்றுவரை உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்றும் ஒன்றுமில்லை. ஆனால் தூக்கம் போய்விடுகிறது.

நானும் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்கிறவன். டாக்டர் கல்லீரலைப் பார்க்கிறார், வீட்டார் பத்தியத்தைப் பார்க்கிறார்கள், மனதைப் பார்க்கத்தான் ஆளில்லை. அதை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்கிறேன். பி-க்குத் தினமும் போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும். கல்லீரல் அழற்சி திடீரென்று கடுமையாகி, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். பணமில்லாமல் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 'இனிமேல் இருந்து என்ன' என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னவருக்கு அரசின் இலவச மாத்திரை இருக்கிறது. பின்னவருக்காக எழுதியது இந்தக் கட்டுரை.

முதல் வாரம்: எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று தெரியாததே முதல் வாரத்தின் பெரிய வேதனை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மஞ்சள் காமாலை என்று ஒரே பெயர். கெட்ட தண்ணீராலும் உணவாலும் வருபவை ஏ, இ வகைகள். அவை பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்குபவை பி-யும் சி-யும்.

உங்கள் தாளில் இருப்பது சி என்றால், கிருமி இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனையை முதலில் செய்யுங்கள். உங்கள் தாளில் இருப்பது ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள்; அது பாசிட்டிவ் என்பது கிருமி எப்போதோ வந்து போனதையும் குறிக்கலாம். கிருமி இன்னும் இருந்தால், சோஃபோஸ்புவிரும் டக்ளாடாஸ்விரும் சேர்ந்த மாத்திரையைப் பெரும்பாலும் 12 வாரம் தருவார்கள். 100-க்கு 95 பேருக்கு மேல் முழுவதுமாகக் குணமாகிவிடும். யாராவது பெரியவர் தாம் போட்டுக்கொண்ட பழைய இன்டர்ஃபெரான் ஊசியின் கதையைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம். அந்த ஊசி பலரை மனச்சோர்வில் தள்ளியது உண்மை. இன்றைய சி சிகிச்சையில் அது அநேகமாக இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: குணமான பிறகும் ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். அடுத்த மெடிக்கலில் அதைப் பார்த்து 'நோய் திரும்பிவிட்டது' என்று இடிந்துபோக வேண்டியதில்லை, ஆர்.என்.ஏ. நெகட்டிவ் என்ற தாள்தான் கணக்கு.

பி என்றால் கதை கொஞ்சம் நீளம். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. 6 மாதத்துக்கு மேல் பாசிட்டிவாக நீடித்தால் அது நாள்பட்ட தொற்று. அது இருக்கிறது என்பதாலேயே எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. வைரஸ் அளவைச் சொல்லும் டி.என்.ஏ. பரிசோதனை, கல்லீரல் நொதிகள், ஸ்கேன், கல்லீரலின் விறைப்பைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் ஆகியவற்றை வைத்து டாக்டர் முடிவு செய்வார். சிலருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனை மட்டும் போதும். மற்றவர்களுக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினம் ஒரு மாத்திரை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை போடுகிற ஊர் இது; இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் வாழ்க்கையே முடிந்ததாக நினைக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. இதன்கீழ் உள்ள அரசு சிகிச்சை மையங்களில் பி, சி பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

'யாரிடமிருந்து வந்தது?'

வீட்டைப் பிளக்கும் கேள்வி இதுதான். கணவன் மனைவியைப் பார்ப்பதும், மனைவி கணவனைப் பார்ப்பதும், மாமியார் இருவரையும் பார்ப்பதுமாக ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பதில் அநேகமாக யாருக்கும் தெரியாது. வளர்ந்தவர்களுக்கு பி தொற்றினால் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவர்களின் உடம்பு அதைத் தானே விரட்டிவிடும். பிறந்தவுடன் தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில்தான், தடுப்பூசி போடாவிட்டால், 10-க்கு 9 பேருக்குத் தங்கிவிடுகிறது. ஆகவே இன்று 40 வயதில் பி தங்கியிருக்கிறவருக்கு, அது பிறந்தபோதோ மிகச் சிறு வயதிலோ வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பி ஊசி முழுமையாகச் சேர்ந்ததே 2011-ல்தான். அதற்கு முன் பிறந்த ஒருவரிடம் போய் நடத்தையைப் பற்றி விசாரணை நடத்துவது அநியாயம். தாயைக் குற்றம் சொல்வதும் அதே அளவு அநியாயம். அவருக்கும் யாரோ கொடுத்துவிட்டுப் போனதுதான். இந்தப் பத்தியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினாலும் தவறில்லை.

தட்டும் டம்ளரும்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் ஒரே மாதிரி. அதில் ஒன்றின் அடியில் மட்டும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. தம்பிக்குக் காபி அதில்தான் போகும். அண்ணி கெட்டவரில்லை, பத்துப் பாத்திரங்களைத் தேய்த்தபின் எது எது என்று குழம்பக் கூடாது என்பதற்காக வைத்த அடையாளம். தம்பி காபியைக் குடித்து முடிக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளி அவர் கண்ணுக்கு நேரே வரும். கடைசியில் அவர் வீட்டில் காபி குடிப்பதையே விட்டுவிட்டார்.

அந்தப் புள்ளிக்குத் தேவையே இல்லை. பி-யும் சி-யும் தட்டு, டம்ளர், கட்டிப்பிடித்தல், தும்மல், ஒரே கழிவறை ஆகியவற்றால் பரவுவதில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம். பரவுவது ரத்தத்தால், பி என்றால் உடலுறவாலும், பிரசவத்திலும். எனவே தனியாக இருக்க வேண்டியவை ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகிய மூன்றும்தான். காயத்தை மூடி வையுங்கள். ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் 7 நாள்வரை உயிரோடு இருக்கும். ரத்தத்தில் காட்ட வேண்டிய கவனத்தைத் தட்டில் காட்டி வீணாக்குகிறோம் என்பதே என் வருத்தம்.

வீட்டார் பயம் தீர நல்ல வழி, அவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துப் போவது. பி இல்லாதவர்களுக்கு 0, 1, 6-ஆம் மாதங்களில் மூன்று ஊசி. கணவனோ மனைவியோ ஊசியை முடித்து, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று பரிசோதனையில் உறுதியாகும்வரை ஆணுறை. கர்ப்பிணிக்கு பி இருந்தால் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அதோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள். இதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

யாரிடம் சொல்வது

கட்டாயம் சொல்ல வேண்டியவர்கள் துணைவர், பல் டாக்டர், ஆபரேஷன் செய்யும் டாக்டர். திருமணம் பேசி முடிப்பதற்கு முன் மணமகனோ மணமகளோ சம்பந்தப்பட்டவரிடம் நேரே சொல்லிவிட வேண்டும். தரகர் வழியாகவோ சித்தப்பா வழியாகவோ போனால் ஊரெல்லாம் போய்த்தான் அங்கே சேரும். தடுப்பூசி இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அலுவலகத்திலும் தெருவிலும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இவர்களைத் தவிர இன்னொருவர் வேண்டும். அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒரு ஆள். அக்காவோ, பழைய பள்ளித் தோழனோ, யாராக இருந்தாலும் சரி. 'நீ எதுவும் செய்ய வேண்டாம், கேட்டால் போதும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் கீழாநெல்லிக் கட்டோடு வந்து நிற்பார்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காதவர் இல்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், அது பி கிருமியைப் போக்குவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களும் பொட்டலங்களும் கல்லீரலையே கெடுக்கக்கூடும்.

மனதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

ரிப்போர்ட் வந்த முதல் சில நாள் அழுவதும், கோபப்படுவதும், யாரோடும் பேசாமல் இருப்பதும் இயல்பு. அதற்கு மருந்து தேவையில்லை. நாள் போகப் போகவும் அது குறையாவிட்டால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதா? டாக்டர்களும் முதல்கட்டமாக இவற்றைத்தான் கேட்பார்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அசதி, பசியின்மை, கவனக்குறைவு ஆகியவை தொற்றாலும் வரும், குறிப்பாக சி-யில். மனச்சோர்வாலும் வரும். ரத்தசோகையாலும் தைராய்டாலும் வரும். எதனால் என்று நீங்களாகவே முடிவு கட்ட வேண்டாம். 'இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை' என்று கல்லீரல் டாக்டரிடமே சொல்லுங்கள். கூட்டம் நிறைந்த வெளிநோயாளி பிரிவில் அவராகக் கேட்க நேரம் இருக்காது. ஒரு துண்டுத்தாளில் இந்த வாக்கியத்தை எழுதி, ரிப்போர்ட்டின் மேல் குண்டூசியால் குத்தி நீட்டுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்.

இனி சொல்வது கல்லீரல் சுருங்கி, சிரோசிஸ் நிலைக்குப் போனவர்களின் வீட்டாருக்கு. நோயாளி பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருக்கிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார். கையெழுத்து கோணிப்போகிறது. சாந்தமான மனிதர் காரணமில்லாமல் சீறுகிறார், அல்லது பேச்சு குழறுகிறது. கைகளை முன்னே நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னால், பறவை சிறகடிப்பதுபோல் கை படபடக்கிறது. இதை மனநோய் என்றும் காற்று சேஷ்டை என்றும் நினைத்து மந்திரிக்க அழைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட நச்சு மூளையைத் தாக்குவதால் வருவது இது. மலச்சிக்கல், கிருமித்தொற்று, குடலில் ரத்தக்கசிவு, தூக்க மாத்திரை ஆகியவை இதைத் தூண்டும். லாக்டுலோஸ் மருந்து உட்பட நல்ல சிகிச்சை இருக்கிறது, ஆனால் தாமதிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே போவது, என்ன எடுத்துப் போவது

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர்கள் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். எந்தக் கிழமை என்று சீட்டு கொடுக்கும் இடத்தில் விசாரியுங்கள். சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகரில் இருக்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டே. புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. ஜிப்மரில் கல்லீரல் நோயைப் பார்க்கும் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது நமக்கு வசதி. ஒரு டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையம், அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். சாப்பாடு, தண்ணீர், ஆதார், பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். முடிந்தால் துணைக்கு ஒருவர்.

மனநலப் பிரிவுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம் எல்லாருக்கும் உண்டு. வரிசையில் நிற்கிறவர்களும் அதே கூச்சத்தோடுதான் நிற்கிறார்கள். உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாதது: உங்களுக்கு பி-யா, சி-யா, சிரோசிஸ் உண்டா, இப்போது என்ன மாத்திரை போடுகிறீர்கள். மனச்சோர்வுக்கு நல்ல மருந்துகள் உண்டு. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றைக் கல்லீரல் நோயாளிகளுக்கும், தேவைப்பட்டால் அளவைக் குறைத்து, தருகிறார்கள். டுலோக்ஸடினைக் கல்லீரல் நோயில் தவிர்ப்பார்கள். வால்ப்ரோயேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. சி-க்கான மாத்திரை போடும்போது, வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் கார்பமாஸெபின் சேரவே கூடாது. மாத்திரையின் வேலையை அது கெடுத்துவிடும். ஆகவே அடுத்த வீட்டாரின் மாத்திரையும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். மனநல மருந்து பலன் தர சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே 'ஒன்றும் ஆகவில்லை' என்று தூக்கிப்போடாதீர்கள்.

மருந்தில்லாமல் பேசியே குணப்படுத்தும் ஆலோசனையும் உண்டு. நேரில் போகத் துணிவு வரும்வரை போனில் தொடங்கலாம். மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

இதைச் சொல்லாமல் இந்த வட்டாரத்துக்கு வழிகாட்டி எழுத முடியாது. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை போனால் மதுக்கடை வரிசை. விசா போன துக்கத்தில், பெண் வீட்டார் கைவிரித்த துக்கத்தில் அங்கே போகிறவர்கள் உண்டு. பி, சி உள்ள கல்லீரலுக்கு 'அளவான குடி' என்று பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது. தழும்பு வேகமாக ஏறும். மனச்சோர்வையும் மது கூட்டும். முதல் மணி நேரத்து ஆறுதலுக்கு மறுநாள் அதிகாலை மூன்று மணி விழிப்புதான் விலை.

ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் வீறாப்பாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்துவதே பாதுகாப்பு. மனநலப் பிரிவில் அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

சாப்பாடும் நடையும்

சிரோசிஸ் இல்லாதவருக்குத் தனிப் பத்தியம் எதுவும் இல்லை. எண்ணெய் கூடாது, மீன் கூடாது, உப்பு கூடாது என்று மாதக்கணக்கில் கஞ்சி ஊற்றுவது மனதையும் சேர்த்து வாட்டிவிடும். கடலூர் முதுநகர் மீனை நன்றாக வேகவைத்துக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். அரைவேக்காட்டு நண்டும் சிப்பியும் மட்டும் வேண்டாம். காபி கல்லீரலுக்குக் கெடுதல் இல்லை. குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. சிரோசிஸ் உள்ளவர்கள் உப்பையும் புரதத்தையும் பற்றி டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும்.

மாலையில் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ அரை மணி நேரம் நடந்தால் இரவுத் தூக்கத்துக்கு நல்லது. தனியாக நடக்காமல், அந்தக் கேட்கத் தெரிந்த ஆளோடு நடப்பது இன்னும் நல்லது.

மோசமான இரவுக்கு

'நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி' என்ற எண்ணம் வந்தால் அது நோயின் பேச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பி, எண்ணம் வந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். நிலைமை கைமீறினால் 108. வீட்டார் பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாக்களையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா' என்று கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயந்து வீட்டார் கேட்காமல் இருக்க வேண்டாம். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாவதில்லை. போலீஸ் வழக்கு வருமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதே 2017 சட்டத்தின் நிலை.

அடுத்த பரிசோதனை வரும்போது

பி உள்ள பலருக்கும், சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். புற்றுநோய் வந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்கத்தான். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் மனம் கனப்பது வழக்கமான ஒன்று. அந்த வாரத்தில் வீட்டில் பெரிய பேச்சுகள், சொத்து விவகாரம், கல்யாணப் பேச்சு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட் மாலையில் கைக்கு வந்தால், இரவில் ஒவ்வொரு எண்ணாக இணையத்தில் தேடிக்கொண்டு உட்காராமல் உறையில் போட்டு வையுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். திரும்பி வரும்போதே அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கானதை வாங்கி வைத்துவிடுங்கள்.